சாகலைன்னா அது நஞ்சு இல்லையா?

இயற்கை வேளாண்மை பற்றிப் பேச எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "முப்பது வருசமா மருந்து அடிக்கிறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு? நல்லாத்தானே இருக்கேன்?"

கேட்பவர் குதர்க்கம் பேசவில்லை. நஞ்சு என்றால் உடனே சாகணும், இல்லைன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடணும் என்றுதான் நாம் எல்லோருமே நினைத்துப் பழகியிருக்கிறோம். அரசாங்கத்தின் கணக்கும் ஏறக்குறைய அதுதான். சில ஆண்டுகளுக்கு முன் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளின் விற்பனைக்கு 60 நாள் தடை போட்டது. அவற்றைக் குடித்து உயிர்விடுகிறவர்களைக் காப்பாற்றுவதற்காக எடுத்த முடிவு. நல்ல காரியம்தான். ஆனால் அதே நஞ்சைக் குடிக்காமல் முதுகில் சுமந்து தெளிக்கிறாரே, அவருக்கு என்ன ஆகிறது என்பது கணக்கில் வரவே இல்லை.

காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஆண்டுக்கணக்காக ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. அங்கே பாதிப்பு கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் போராடவும் முடிந்தது. நான் எழுதப்போவது கண்ணுக்குத் தெரியாத பாதிப்பைப் பற்றி. வெச்ச பொருளை வெச்ச இடம் மறந்துபோவது, பிள்ளைக்குப் பாடம் மண்டையில் நிற்காதது, கை நடுக்கம். இதற்கெல்லாம் நாம் சொல்லும் காரணங்கள் வேறு: வயசாயிடுச்சு, பிள்ளை மக்கு, குடிச்சுக் குடிச்சு நடுங்குது. எல்லாவற்றுக்கும் நஞ்சுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. காரணங்களின் பட்டியலில் நஞ்சும் இருக்கிறது, அதை மட்டும் நாம் எழுதுவதே இல்லை என்கிறேன்.

மடை அடைக்கும் ஆளைக் கட்டிப்போட்டால்

ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்வது வாய்க்காலில் தண்ணீர் விடுவது மாதிரி. மடையைத் திறக்க ஓர் ஆள் வேண்டும், வயல் நனைந்ததும் அடைக்க ஓர் ஆள் வேண்டும். திறக்கிற ஆளின் பெயர் அசிட்டைல்கோலின். தசையை அசைக்கவும் இதுதான் வேண்டும், மூளையில் கவனத்துக்கும் நினைவுக்கும் இதுதான் வேண்டும். அடைக்கிற ஆள் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலினைச் சிதைத்து மடையை மூடிவிடும்.

ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிக்கொல்லிகள் செய்வது ஒரே வேலைதான். மடை அடைக்கிற ஆளைக் கட்டிப்போட்டுவிடும். திறந்த மடை திறந்தபடியே கிடக்கும். பூச்சியின் நரம்பு துடித்துத் துடித்து ஓயும். மேலே சொன்ன மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட் எல்லாம் இந்த வகைதான். பூச்சிக்கு ஒரு நொதி, நமக்கு வேறு நொதி என்று இயற்கை பிரித்து வைக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு. நம் உடம்பு பெரியது, அதனால் கொல்ல அதிக அளவு தேவைப்படுகிறது.

இந்த நஞ்சுகளின் பூர்வீகம் தெரிந்தால் இது இன்னும் விளங்கும். 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் என்ற வேதியியலாளர் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தார். அவர் கையில் கிடைத்தது மனிதனை நிமிடங்களில் கொல்லக்கூடிய 'டாபுன்'. அதை ராணுவம் எடுத்துக்கொண்டது. அடுத்து 1938இல் 'சாரின்'. அதே ஆராய்ச்சியின் வழியில் வந்ததுதான் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி. போர்க்களத்து நஞ்சும் பருத்திக்காட்டு நஞ்சும் அண்ணன் தம்பி.

மருந்து அடித்த அன்று தலைவலி, கிறுகிறுப்பு, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறுவது, வியர்த்துக் கொட்டுவது. தெளிப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். "மருந்து தாக்கிடுச்சு" என்று ஒரு மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். மறுநாள் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதா?

நிகரகுவா நாட்டில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1986 முதல் 1988 வரை ஆர்கனோபாஸ்பேட் தாக்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்து, குணமாகி வீட்டுக்குப் போன 36 ஆண்களைச் சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்தார்கள். நஞ்சு தாக்காத, அதே வயதுள்ள ஆட்களோடு சேர்த்து வைத்துக் கவனம், நினைவு, கைவேகம் ஆகியவற்றுக்குச் சோதனை வைத்தார்கள். நஞ்சு தாக்கியவர்கள் தெளிவாகப் பின்தங்கியிருந்தார்கள். 1991இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது. 'குணமாயிடுச்சு' என்று அனுப்பப்பட்டவர்கள் அவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சோனோரா விதை வந்த ஊர்

1966இல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை இறக்குமதி செய்தது. லெர்மா ரோஜோ 64, சோனோரா 64 என்ற ரகங்கள். நம் நாட்டுப் பசுமைப் புரட்சியின் பிள்ளையார் சுழி அதுதான். சோனோரா என்பது மெக்சிகோவின் ஒரு மாநிலம். அங்கே உள்ள யாக்கி பள்ளத்தாக்கில்தான் நார்மன் போர்லாக் கோதுமை ஆராய்ச்சி செய்தார்.

அந்தப் பள்ளத்தாக்கில் 1940களின் கடைசியிலிருந்து பாசனம், ரசாயன உரம், பூச்சிக்கொல்லி என்று எல்லாம் வந்தன. ஒரு பகுதி மக்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் மலையடிவாரத்துக்குப் போய், மாடு மேய்த்து, கையால் தோட்டம் போட்டுப் பிழைத்தார்கள். ஒரே இனம், ஒரே மொழி, ஏறக்குறைய ஒரே சாப்பாடு. பூச்சிக்கொல்லி விஷயத்தில் மட்டும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. அடிவாரத்திலும் நஞ்சே இல்லை என்று சொல்ல முடியாது, மலேரியாவுக்காக அரசாங்கம் டி.டி.டி. தெளித்தது. ஆனால் பள்ளத்தாக்கில் ஒரு பயிர்க் காலத்துக்கு 45 முறை வரை தெளித்தார்கள்.

எலிசபெத் கில்லெட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இந்த இரண்டு இடத்திலும் 4, 5 வயதுக் குழந்தைகளோடு விளையாடிப் பார்த்தார். உயரம், எடையில் இரு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. பார்த்தால் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லத் தோன்றும். பந்து பிடிக்கச் சொன்னார், குதிக்கச் சொன்னார். "உனக்கு ஒரு சிவப்பு பலூன் தரப்போறேன்" என்று சொல்லிவைத்து, அரைமணி நேரம் கழித்து, என்ன தரப்போகிறேன் என்று கேட்டார். அடிவாரத்துக் குழந்தைகள் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். பள்ளத்தாக்குக் குழந்தைகள் இதில் பின்தங்கினார்கள்.

கடைசியாக, ஒரு மனிதனை வரையச் சொன்னார். அடிவாரத்துக் குழந்தைகளின் தாளில் தலை, உடம்பு, கை, கால் என்று ஆள் நின்றான். பள்ளத்தாக்குக் குழந்தைகள் பலரின் தாளில் வெறும் கிறுக்கல். 1998இல் அந்தப் படங்கள் அச்சில் வந்தபோது உலகமே பார்த்தது. குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு, ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சொன்னவர்களும் உண்டு. நியாயமான பேச்சுதான். அதற்கான பதில் பிறகு வந்தது.

தாயின் வயிற்றில் இருக்கும்போதே

கலிபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கு காய்கறிக்கும் கீரைக்கும் பேர்போனது. அங்கே கூலி வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ மக்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கனாசி குழுவினர் 1999இல் தொடங்கி அங்குள்ள கர்ப்பிணிகள் 600 பேரைச் சேர்த்து, சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட்டின் எச்சத்தை அளந்தார்கள். பிறந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். 2011இல் முடிவு வந்தது. எச்சம் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குத் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகளைவிட, 7 வயதில் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 7 புள்ளி குறைவு.

ஏழு புள்ளி குறைந்தால் பிள்ளை நோயாளி ஆகிவிடாது. ஓடும், ஆடும், பள்ளிக்கூடம் போகும். வாத்தியார் சொன்னதைப் பிடித்து வைத்துக்கொள்ள மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் திணறும். எந்தத் தாய்க்கும் இது நஞ்சின் வேலை என்று தெரியப்போவதில்லை.

அதே ஆண்டு நியூயார்க்கிலிருந்தும் ஆய்வு வந்தது. அது வயலே இல்லாத ஊர். அடுக்குமாடி வீடுகளில் கரப்பான் பூச்சிக்கு அடித்த குளோர்பைரிபாஸ்தான் அங்கே பிரச்சினை. கருவில் அதிக அளவு பட்ட குழந்தைகளுக்கு, கேட்டதை மனசில் நிறுத்தி வேலை செய்யும் நினைவுத்திறன் குறைந்திருந்தது. அமெரிக்கா வீட்டு உபயோகத்துக்குக் குளோர்பைரிபாஸை நிறுத்த 2000இலேயே முடிவெடுத்தது. ஐரோப்பா 2020இல் வயலிலும் தடை செய்தது. நம் நாட்டில் கரையானுக்கும் அதே, நெல்லுக்கும் அதே.

நடுங்கும் கைகள், நமக்கும் ஓர் எச்சரிக்கை

1982இல் கலிபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் ஒரே ராத்திரியில் சிலைபோல உறைந்துபோனார்கள். அறுபது, எழுபது வயதில் வரவேண்டிய நடுக்குவாதம் இருபது, முப்பதுகளில் வந்திருந்தது. போதைப்பொருளைத் தயாரித்தவர் செய்த தவறால் எம்.பி.டி.பி. என்ற ரசாயனம் அதில் கலந்திருந்தது. அது மூளைக்குள் போய் மாறுகிற வடிவம், பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் வடிவத்தை ஒத்தது என்று தெரிந்ததும் ஆராய்ச்சியாளர்களின் பார்வை வயல் பக்கம் திரும்பியது. 2011இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், பாராகுவாட் அல்லது ரோட்டினோன் பயன்படுத்தியவர்களுக்கு நடுக்குவாதம் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. பிரான்ஸ் நாடு 2012இல் பூச்சிக்கொல்லி பயன்படுத்தும் உழவர்களுக்கு வரும் நடுக்குவாதத்தைத் தொழில்சார் நோயாகவே ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் 2007 முதல் தடையில் இருக்கும் பாராகுவாட், நம்ம ஊர் வரப்பில் இன்னும் அடிக்கப்படுகிறது.

இதில் இயற்கை உழவர்களான நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ரோட்டினோன் ஆலையில் பிறந்த ரசாயனம் கிடையாது. செடி வேரிலிருந்து எடுப்பது. மேலைநாட்டு இயற்கை உழவர்கள் பல காலம் அதைப் பயன்படுத்தினார்கள். எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது நடுக்குவாதம் போன்ற பாதிப்பு வந்ததை 2000இல் கண்டுபிடித்தார்கள்.

நாம் அக்னி அஸ்திரத்தில் புகையிலை போடுகிறோம். புகையிலையின் நிகோட்டின், மேலே சொன்ன அசிட்டைல்கோலின் உட்காரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்து நரம்பைத் தூண்டுவது. தோல் வழியாகவும் உள்ளே போகும். ஆகவே புகையிலைக் கரைசலை வெறுங்கையால் கலக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் பக்கத்தில் வேண்டாம். வேம்பு, நொச்சி, ஆடாதொடையில் வேலை முடிந்தால் புகையிலையைத் தொடவே வேண்டாம். 'இயற்கையானது' என்பதும் 'தீங்கற்றது' என்பதும் ஒன்றில்லை.

மஞ்சளும் ஈயமும்

மஞ்சள் ஞாபக மறதியைத் தடுக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. மனிதர்களிடம் அதற்கு உறுதியான ஆதாரம் இன்னும் வரவில்லை. ஆனால் மஞ்சள் வழியாக ஈயம் போனால் பிள்ளைகளின் மூளை கெடும் என்பதற்கு வங்கதேசத்தில் ஆதாரம் கிடைத்திருக்கிறது.

1980களில் அங்கே பெரும் வெள்ளம். மஞ்சள் நனைந்து நிறம் மங்கிப்போனது. மங்கிய மஞ்சளை யார் வாங்குவார்? பாலிஷ் போடும்போது லெட் குரோமேட் என்ற பெயின்ட் நிறமியைச் சேர்த்துப் பளபளப்பாக்கினார்கள். வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று தேடிப்போன ஆய்வாளர்கள் கடைசியில் மஞ்சளில் வந்து நின்றார்கள். 2019இல் அரசு இறங்கி வந்து, சந்தையில் சோதனை, அபராதம், ஊருக்கு ஊர் அறிவிப்பு என்று முனைந்தது. அந்த ஆண்டு சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. நினைத்தால் இரண்டே ஆண்டில் முடியும்.

ஈயத்தை உடம்பு கால்சியம் என்று நம்பி ஏமாந்து உள்ளே விடும். அதே உணவிலிருந்து பெரியவர்களைவிடக் குழந்தைகள் 4, 5 மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சுகிறார்கள். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை என்ற பாதுகாப்பான அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விளைவிக்கும் நம் உழவர்கள் மங்கிய நிறத்துக்காக வெட்கப்பட வேண்டாம். வாங்குபவர்களும் தூளாக வாங்காமல் விரலி மஞ்சளாக, தெரிந்த உழவரிடம் வாங்கி அரைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நம் மொழியில் ஈயம் என்றால் இரண்டு உலோகம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனவை. பேட்டரியில் இருப்பது காரீயம், நஞ்சு அதுதான். விலை குறைத்து வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலப்பவர்கள் உண்டு. ஆளைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நஞ்சு போனால் மட்டும் போதுமா?

போதாது. மண்ணில் ரசாயனத்தை நிறுத்திவிட்டு எருவும் போடாமல் விட்டால் விளையுமா? மூளையும் அப்படித்தான். உடம்பின் எடையில் சுமார் 2 விழுக்காடுதான் மூளை. ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 விழுக்காடு அதற்குப் போகிறது.

அசிட்டைல்கோலின் செய்யத் தேவையான கோலின் முட்டையின் மஞ்சள் கருவில் நிறைய உண்டு, பயறுகளிலும் கொஞ்சம் உண்டு. மூளைக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு மத்தி போன்ற சிறு மீன்களில் உண்டு. பெரிய மீன்கள் சிறியவற்றைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்த்துக்கொள்பவை, சிறு மீனில் அந்தத் தொல்லை குறைவு. ரத்தசோகை உள்ள பிள்ளைக்குப் படிப்பில் கவனம் நிற்காது. கம்பு, கீரை, பயறு இவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால்தான் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும்.

பி12 வைட்டமின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தக் கீரையிலும் எந்தச் சிறுதானியத்திலும் அது போதிய அளவு கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் உண்டு. அது குறைந்தால் மறதி வரும், கால் மரத்துப்போகும். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். ஒரு ரத்தச் சோதனையில் கண்டுபிடித்து, காலத்தில் கவனித்தால் பெரிதும் சரிசெய்யக்கூடிய மறதி அது. நம் வீடுகளில் நடப்பது என்ன? பாலையெல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, நாட்டுக்கோழி முட்டையை விற்றுவிட்டு, வீட்டுப் பெரியவர்களுக்கு வரக்காப்பி.

அயோடின் விஷயத்தில் நம் நண்பர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வரலாம். கல்லுப்பில் அயோடின் மிகக் குறைவு. கர்ப்ப காலத்தில் அயோடின் போதாவிட்டால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் உப்பு அரசியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வல்லாரை? துவையல் அரைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள், கீரை என்ற வகையில் நல்லது. ஆனால் அது வளர்வது வாய்க்கால் ஓரத்தில். மேல் வயலில் அடித்த நஞ்சு வடிந்து வரும் இடமும் அதுதான். எங்கே பறித்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

நாளைக்கே செய்யக்கூடியவை

நல்ல செய்தி ஒன்று. ஆர்கனோபாஸ்பேட்டுகள் உடம்பில் ஆண்டுக்கணக்கில் தங்குபவை அல்ல. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சியாட்டில் நகரப் பகுதியில் 23 பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் மட்டும் இயற்கை விளைபொருளில் உணவு கொடுத்தார்கள். சிறுநீரில் இருந்த மாலத்தியான், குளோர்பைரிபாஸ் எச்சம் கண்டறிய முடியாத அளவுக்கு உடனே இறங்கியது. பழைய உணவுக்குத் திரும்பியதும் எச்சமும் திரும்பியது. நாம் விளைவிக்கும் ஒவ்வொரு கத்தரிக்காயும் யாரோ ஒரு பிள்ளையின் உடம்பில் இந்த வேலையைச் செய்கிறது. ஆகவே:

1. முழுப் பண்ணையையும் இப்போதே மாற்ற முடியாதவர்கள், வீட்டுக்குச் சாப்பிடும் காய்கறி, கீரை, நெல்லை முதலில் நஞ்சில்லாமல் விளைவியுங்கள்.

2. கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், குழந்தைகள் தெளித்த வயலில் கால் வைக்கக் கூடாது. தெளித்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

3. காலி நஞ்சுக் கேனில் குடிதண்ணீரோ எண்ணெயோ பிடிக்க வேண்டாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் வேண்டாம்.

4. பக்கத்துக் காட்டில் அடிப்பது காற்றில் வரும். எல்லையில் உயிர்வேலி அடர்த்தியாக இருக்கட்டும். எந்த நாள் அடிக்கிறார் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. தானியச் சேமிப்புக்கு வசம்பு, வேப்பிலை, நொச்சி போதும். படுக்கையறையில் கரப்பான் ஸ்பிரே வேண்டாம்.

6. மறதி, நடுக்கம், மரத்துப்போதல் என்று மருத்துவரிடம் போனால், எத்தனை வருசம் என்னென்ன தெளித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விஷயம் மிச்சம். நிலம் உள்ளவர் மனம் மாறினால் இயற்கைக்கு வந்துவிடலாம். நிலம் இல்லாமல், நாள் கூலிக்கு அடுத்தவர் காட்டில் டேங்க் சுமப்பவருக்கும், அடித்த மறுநாளே அதே காட்டில் களை எடுக்கப் போகும் பெண்ணுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. மூளைக்குள் முதலில் நஞ்சு போவது அவர்களுக்குத்தான். நம் தோட்டத்துக்கு வேலைக்கு வருபவர்களும் அவர்களே. இந்தக் கட்டுரையை அவர்களில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.